அப்பாவும் நான்கு இயந்திரக் கைகளும்

எங்கள் வீட்டு ஆண்கள் உடம்பு வலியைச் சொல்லத் தயங்காதவர்கள். முழங்கால் வலி, முதுகுவலி, பல்வலி எல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே பேசப்படும். இடுப்புக்குக் கீழே ஒரு தொந்தரவு என்றால் மட்டும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். அப்பாவும் அப்படித்தான். இரவில் நான்கைந்து முறை கழிவறைக்கு எழுந்துகொண்டிருந்ததை ஓராண்டுக்கும் மேலாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் தூக்கமும் சேர்ந்து கெட்டதால்தான் பிள்ளைகள் எங்களுக்கு விஷயம் தெரிய வந்தது.

அப்பா ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் 28 ஆண்டுகள் கிரேன் ஓட்டியவர். 1960களின் தொடக்கத்தில் சதுப்பு நிலமும் இறால் குளங்களுமாக இருந்த ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்கப் போகிறோம் என்று டாக்டர் கோ கெங் சுவீ சொன்னபோது, பலர் அதைக் ‘கோவின் மடத்தனம்’ என்று கேலி பேசினார்களாம். அந்தச் சதுப்பில் எழுந்த தொழிற்சாலைகளும் பட்டறைகளும்தான் அப்பாவைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டன. தாமான் ஜூரோங்கில் வீடு, மிதிவண்டித் தொலைவில் வேலை. பணி ஓய்வுக்குப் பிறகும் அவர் ஜூரோங்கை விட்டு அதிகம் நகர்வதில்லை. சனிக்கிழமைகளில் தேக்காவுக்குப் போய் மீனும் கறிவேப்பிலையும் வாங்கி வருவதோடு சரி.

தன் தொந்தரவுக்கு அவரே ஒரு காரணமும் வைத்திருந்தார். “கிரேன் மேல ஏறிட்டா சாப்பாட்டு நேரம் வரைக்கும் இறங்க முடியாது. அடக்கி அடக்கி வச்சதுதான் இப்ப பலன் குடுக்குது,” என்றார். ஜூரோங் பலதுறை மருந்தகத்தில் அவரைப் பார்த்த இளம் மருத்துவர் அப்படி இல்லை என்று சிரித்துக்கொண்டே மறுத்தார். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையைச் சுற்றி நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் புராஸ்டேட். வயது ஏற ஏற அது பெரும்பாலான ஆண்களுக்குப் பெருத்து, பாதையை நெருக்கும். அதனால்தான் அடிக்கடி எழுந்திருப்பதும் சொட்டுச் சொட்டாகப் போவதும். பெருப்பது வேறு, புற்றுநோய் வேறு. எதற்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் செய்துவிடலாம் என்றார்.

அந்த எண் கூடுதலாக வந்தது. சுரப்பி பெருத்தாலும் கிருமித் தொற்று இருந்தாலும்கூட அது கூடுமாம். அதனால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எம்ஆர்ஐ எடுத்தார்கள். பிறகு ஊசியால் சதைத் துணுக்குகளை எடுத்துச் சோதித்தார்கள். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. இரவில் எழுந்ததற்குக் காரணம் சுரப்பி பெருத்ததுதான். ஆனால் அதைத் தேடிப்போன இடத்தில், எந்த வலியும் அறிகுறியும் காட்டாமல் ஒரு புற்றுநோயும் உட்கார்ந்திருந்தது. நல்லவேளையாகச் சுரப்பியைத் தாண்டிப் பரவவில்லை. ஆரம்பக் கட்டத்தில் இந்த நோய் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அப்போது 68 வயது.

சிறுநீரக மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. வேகம் குறைந்த புற்றுநோய் என்றால் சிகிச்சையே தராமல், தொடர்ந்து சோதித்துக் கண்காணிப்பதும் ஒரு வழிதான் என்றார். அப்பாவுடையது நடுத்தர வகை. அதனால் கதிரியக்கச் சிகிச்சை அல்லது சுரப்பியை முழுவதும் அகற்றும் அறுவை சிகிச்சை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார். இரண்டின் நன்மை தீமைகளையும் தாளில் எழுதிக் காட்டினார். அறுவை சிகிச்சை என்றால் ரோபோவின் உதவியோடு செய்வோம் என்றும் சொன்னார்.

ரோபோ என்ற சொல் அம்மாவைக் கலங்கடித்துவிட்டது. அவருக்குத் தெரிந்த ஒரே ரோபோ, ரஜினிகாந்த் நடித்த ‘சிட்டி’தான். வீட்டுக்கு வந்ததும், “உங்கள மிஷினு கையில படுக்கப் போட்டுட்டு டாக்டர் காப்பி குடிக்கப் போயிடுவாரா?” என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்த்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி இது: “டாக்டர், லிவர் யார் கையில?”

அம்மா பதறிப்போய், “லிவருக்கு என்ன? அங்கயும் பரவிடுச்சா?” என்றார். கல்லீரலைச் சொல்லவில்லை, கிரேனை இயக்கும் கைப்பிடியைத்தான் சொன்னார் என்று புரிய வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. மருத்துவருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, “லிவர் முழுக்க என் கையில்தான் அங்கிள்,” என்றார். பிறகு ஒரு தாளில் படம் வரைந்தார்.

நோயாளியின் பக்கத்தில் நான்கு கைகள் கொண்ட ஒரு வண்டி நிற்கும். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு அந்தக் கைகளின் நுனிகளை உள்ளே விடுவார்கள். ஒரு கையில் கேமரா, மற்றவற்றில் கத்தரியும் இடுக்கியும். ஒவ்வொன்றும் பென்சில் கனம்தான். அதே அறையில், சில அடி தள்ளி, அறுவை மருத்துவர் ஒரு பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்தபடி உட்கார்ந்திருப்பார். உடம்பின் உட்புறம் பத்து மடங்கு பெரிதாக, ஆழம் தெரியும் முப்பரிமாணப் படமாக அவர் கண்ணுக்கு முன் விரியும். விரல்களை இரண்டு பிடிகளில் நுழைத்து அவர் அசைக்க அசைக்க, உள்ளே கருவி அசையும். சாதாரண லேப்ராஸ்கோப்பிக் குச்சி விறைப்பாக இருக்கும். இதன் நுனியோ மணிக்கட்டு போல மடங்கும், சுழலும். மருத்துவர் கையை மூன்று சென்டிமீட்டர் நகர்த்தினால் கருவி ஒரு சென்டிமீட்டர் மட்டும் நகரும்படி வைத்துக்கொள்ளலாம். கையில் லேசாக நடுக்கம் இருந்தாலும் இயந்திரம் அதை வடிகட்டிவிடும். மருத்துவர் அந்தப் பெட்டியிலிருந்து தலையை எடுத்தால் கருவிகள் அப்படியே நின்றுவிடும். தானாக ஒரு தையலும் போடாது, ஒரு நரம்பையும் வெட்டாது.

அப்பாவின் முகம் மாறியதை அன்று பார்த்தேன். நோயாளியாக உள்ளே வந்தவர், தொழில் தெரிந்தவராகப் பேசத் தொடங்கிவிட்டார். கரண்டு போனால்? இயந்திரத்துக்குள்ளேயே பேட்டரி உண்டு, தேவைப்பட்டால் கருவிகளை வெளியே எடுத்துவிட்டு வழக்கம்போல் கையாலேயே முடிப்போம். கீழே சிக்னல் காட்ட ஆள் உண்டா? நோயாளி பக்கத்திலேயே இன்னொரு மருத்துவரும் தாதியும் நின்றபடி இருப்பார்கள். பாரம் கைக்குத் தெரியுமா? இந்தக் கேள்விக்கு மருத்துவர் கொஞ்சம் யோசித்தார். “தெரியாது. தொடும் உணர்ச்சி எங்கள் விரலுக்கு வராது. சதை எவ்வளவு இழுபடுகிறது, எப்படி நிறம் மாறுகிறது என்று கண்ணால் பார்த்துத்தான் பழகியிருக்கிறோம்,” என்றார்.

அப்பா தலையாட்டினார். “கிரேனும் அதே மாதிரிதான். நாற்பது டன் தொங்கும், கைக்கு ஒண்ணும் தெரியாது. கயிறு விறைக்கிறதையும் பூம் வளையறதையும் பார்த்தே கணக்குப் போடணும். அதுக்குப் பல வருசம் ஆகும்.” பிறகு அவர் கேட்டதுதான் அன்றைய கேள்விகளிலேயே முக்கியமானது: “டாக்டர், நீங்க இதுவரைக்கும் எத்தனை பண்ணியிருக்கீங்க?”

மருத்துவர் கோபப்படவில்லை. தான் செய்தவற்றின் எண்ணிக்கையைச் சொன்னார். எத்தனை பேருக்குப் பிறகும் சிறுநீர் கசிந்தது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அதன் பிறகுதான் இந்த இயந்திரத்தைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். போர்க்களத்தில் காயம்பட்ட வீரருக்குத் தொலைவிலிருந்தே அறுவை சிகிச்சை செய்ய முடியுமா என்று அமெரிக்க ராணுவம் பணம் கொடுத்து நடத்திய ஆராய்ச்சியில் இதன் வேர் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் இயந்திரத்துக்கு, மனித உடம்பையும் இயந்திரங்களையும் ஒருசேர வரைந்து பார்த்த லியொனார்டோ டா வின்சியின் பெயரையே வைத்தார்கள். 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் இதைக் கொண்டு புராஸ்டேட் சுரப்பியை அகற்றினார்கள். அந்தச் சிகிச்சையை உலகம் முழுக்கப் பரவும் முறையாக வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பணிபுரிந்த டாக்டர் மணி மேனன். அவர் மருத்துவம் படித்தது புதுச்சேரி ஜிப்மரில். சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இது தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டிலும் தனியார் மருத்துவமனைகளோடு நின்றுவிடாமல், 2022இல் சென்னை ஓமந்தூரார் அரசுப் பன்னோக்கு மருத்துவமனைக்கு ரோபோ அறுவை சிகிச்சை வசதி வந்தது.

படித்ததில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த ஓர் ஆய்வு. 326 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறையிலும் மறு பாதிக்கு ரோபோ உதவியோடும் சுரப்பியை அகற்றத் திட்டமிட்டார்கள். முடிவுகள் 2016இல் ‘லேன்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தன. ரோபோ முறையில் ரத்த இழப்பு சுமார் மூன்றில் ஒரு பங்குதான். வீடு திரும்பியதும் சீக்கிரமே. ஆனால் 12 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, சிறுநீரை அடக்கும் திறனிலும் தாம்பத்திய உறவுக்கான திறனிலும் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது.

இதை நான் மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “உண்மைதான். காயம் சின்னது, ரத்தம் குறைவு, சீக்கிரம் நடமாடலாம். அதெல்லாம் நல்ல விஷயங்கள். மற்றது இயக்குகிறவர் கையையும் நோயின் நிலையையும் உங்கள் அப்பாவின் பொறுமையையும் பொறுத்தது,” என்றார். அதன் பிறகு என்னை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு அப்பா அம்மா இருவரிடமும் அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல், “எல்லாம் பேசியாச்சு. ஆளு நல்லா இருந்தாப் போதும்,” என்றார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடும்பம் நடத்தியவர்கள் அந்த விஷயத்தை மூன்றாம் மனிதர் முன்னால் பேசியது அதுதான் முதல் முறையாக இருக்கும்.

செலவையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். எந்த வகுப்பு வார்டு, எவ்வளவு மானியம், மெடிசேவ் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், மெடிஷீல்டு லைஃப் எவ்வளவு தாங்கும், கைக்காசு எவ்வளவு என்று மருத்துவமனையின் நிதி ஆலோசகர் வரி வரியாக விளக்கினார். கதிரியக்கச் சிகிச்சைக்கான கணக்கையும் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, அப்பா அறுவை சிகிச்சையையே தேர்ந்தெடுத்தார்.

அறுவை சிகிச்சை நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தது. குடல் ஒதுங்கி இடம் விடுவதற்காக, தலை கீழாகவும் கால் மேலாகவும் இருக்கும்படி மேசையைச் சாய்ப்பார்களாம். கரியமில வாயுவை நிரப்பி வயிற்றை உப்ப வைப்பார்களாம். சுரப்பியை எடுத்துவிட்டுச் சிறுநீர்ப்பையையும் சிறுநீர்ப்பாதையையும் மறுபடி இணைத்துத் தைப்பதுதான் நுணுக்கமான வேலை. கண் விழித்தபோது அப்பாவின் முகம் வீங்கியிருந்தது. வயிறு வலிக்கவில்லை, தோள்பட்டைதான் வலிக்கிறது என்றார். வயிற்றில் மிச்சமிருக்கும் வாயு தோளில்தான் வலியைக் காட்டுமாம். மறுநாள் எழுந்து நடந்தார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். வயிற்றில் ஆறு சின்னத் தழும்புகள்தான். “இதுக்கா இவ்வளவு பயந்தேன்,” என்று அம்மா கொண்டாடினார்.

இயந்திரத்தின் வேலை அங்கே முடிந்துவிட்டது. எங்கள் வேலை அங்கேதான் தொடங்கியது.

முதல் பத்து நாள்கள் சிறுநீர்க் குழாயும் பையுமாக இருந்தார். கைலிக்குள் பையை மறைத்துக்கொண்டு, யாராவது பார்க்க வந்தால் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தார். குழாயை எடுத்த அன்று விடுதலை கிடைத்ததுபோல் சிரித்தார். அன்று மாலையே அந்தச் சிரிப்பு போய்விட்டது. இருமினால் கசிவு, நாற்காலியிலிருந்து எழுந்தால் கசிவு. சுரப்பியோடு, சிறுநீரை அடக்கி வைத்த தசையிலும் ஒரு பகுதி போய்விடும். மீதி இருக்கும் தசை முழு வேலையையும் ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காதால் கேட்டது வேறு, உள்ளாடை நனைவது வேறு.

பேரங்காடியில் பேடு வாங்க அவர் வரவே மாட்டார். அம்மாதான் வாங்கினார், அதுவும் மாவுப் பைக்கும் எண்ணெய்ப் புட்டிக்கும் அடியில் மறைத்து. கோயிலுக்குப் போவது நின்றது. புளோக்குக்குக் கீழே காப்பிக்கடைக்குப் போவதும் நின்றது. நாற்பது டன் பாரத்தைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தியவர், ஒரு தும்மலுக்குப் பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். அந்த வாரங்களில் அவர் பேசியது மிகக் குறைவு.

அவரை மீட்டது ஓர் இயன்மருத்துவர். சிறுநீரை நடுவில் நிறுத்துவதற்கும் காற்றை அடக்குவதற்கும் எந்தத் தசையை இறுக்குவோமோ, அந்தத் தசையைத் தனியாக இறுக்கி, பத்து எண்ணி, தளர்த்தச் சொல்லிக் கொடுத்தார். வயிற்றையும் தொடையையும் சேர்த்து இறுக்கக் கூடாது. எழுவதற்கு முன், இருமுவதற்கு முன், ஒரு முறை இறுக்க வேண்டும். நாளுக்குப் பலமுறை, மாதக் கணக்கில். அப்பா ஒரு பழைய நோட்டை எடுத்தார். கிரேனில் தினமும் குறிப்பேடு எழுதிய பழக்கம். தேதி போட்டு, எத்தனை முறை பயிற்சி, எத்தனை பேடு என்று எழுதினார். முதல் வாரம் நாளுக்கு ஐந்து. இரண்டாம் மாதம் மூன்று. நான்காம் மாதம் ஒன்று. இடையில் ஒரு வாரம் மறுபடி இரண்டானபோது நோட்டைத் தூக்கி எறிந்தார். அம்மா எடுத்து வைத்தார்.

காலையில் ஜூரோங் ஏரித் தோட்டத்தில் நடக்க ஆரம்பித்தோம். எந்தக் கழிவறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் பாதையை முடிவு செய்வார். முதலில் ஒரு கழிவறையிலிருந்து அடுத்தது வரை. பிறகு ஒன்றைத் தாண்டிப் போனார். ஆறாம் மாதத்தில் ஏரியை ஒட்டிய பாதை முழுவதையும் நடந்துவிட்டுத் திரும்பினார். பயத்துக்கு ஒரு மெல்லிய பேடு மட்டும் வைத்திருந்தார். பிஎஸ்ஏ எண்ணும் அளவிட முடியாத அளவுக்குக் கீழே போயிருந்தது. ஆண்டுக் கணக்கில் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் அன்று அம்மா பாயசம் வைத்தார்.

எங்களுக்குத் தெரிந்தவர்கள் இப்போதெல்லாம் ரோபோ சிகிச்சை பற்றிக் கேட்டால், இயந்திரத்தைப் பற்றி நான் பாதிதான் பேசுகிறேன். எவ்வளவு நல்ல கிரேனாக இருந்தாலும் மேலே உட்கார்ந்திருப்பவரைக் கேட்க வேண்டும் என்று அப்பா சொன்னதைச் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் எத்தனை செய்திருக்கிறார், வேறு வழிகள் என்னென்ன, உடனே செய்யத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பிறகு, அடுத்த ஆறு மாதங்களுக்கு வீட்டில் யார் யார் கூட இருப்பார்கள் என்பதையும் முன்பே யோசித்து வையுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே அந்தத் தசைப் பயிற்சியைக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

சிங்கப்பூர் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. ஆனால் பெருங்குடல் புற்றுநோய்க்குச் செய்வதுபோல, குறிப்பிட்ட வயதானவர்கள் எல்லாரையும் அழைத்துச் சோதிக்கும் தேசியத் திட்டம் இதற்கு இல்லை. பிஎஸ்ஏ பரிசோதனை சில நேரம் வீண் பயத்தையும் தேவையற்ற சிகிச்சையையும் கொண்டுவரும் என்பதால், ஐம்பதைத் தாண்டியவர்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுப்பதே நல்லது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். அவர்கள் கொஞ்சம் முன்னதாகவே பேசிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் அதற்குள் வருகிறவன் என் தம்பி. அவனுக்கு 44 வயது. இதை அவனிடம் யார் சொல்வது, நானா, அம்மாவா என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். சென்ற மாதம் தம்பியே எனக்குப் போன் செய்தான். அப்பா அவனைக் காப்பிக்கடைக்கு வரச் சொன்னாராம். சுற்றியிருந்த மேசைகளில் எல்லாம் ஆள்கள். அப்பா ஒரு கோப்பி ஓ சொல்லிவிட்டு, இரவில் எழுந்ததில் தொடங்கி, குழாய், கசிவு, பேடு, நோட்டுக் கணக்கு என்று ஒன்றுவிடாமல் அவனிடம் சொல்லியிருக்கிறார். பேச்சு முடிவதற்குள், பக்கத்து மேசையில் இருந்த அப்பாவின் பட்டறைக் கூட்டாளி ஒருவர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாராம்.

“எனக்கும் ராத்திரி மூணு தடவை எழுந்திரிக்க வேண்டியிருக்குப்பா. எந்த கிளினிக் போன?” என்று கேட்டிருக்கிறார் அவர்.